ஒரு ரோமானியக் காசைப் படிப்பது எப்படி? தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை ஒரு பாடம்

முதல்ல பாக்கெட்ல இருந்து ஒரு ரூபாய் காசு ஒண்ணை எடுங்க. பர்ஸ் காலியா இருந்தா ரூம்மேட்கிட்ட கடன் வாங்குங்க. ஜிபே வந்த பிறகு சில்லறையே அபூர்வமாகிவிட்டது, தெரியும்.

ஒரு பக்கத்தில் அசோகர் தூணின் சிங்கங்கள். மறுபக்கத்தில் மதிப்பு. 2011-ல் வந்த வரிசைக் காசு என்றால் எடை சுமார் 3.8 கிராம். இப்போ கண்ணை மூடி, அதே எடையில், அதைவிடச் சற்றே சிறிய, சற்றே தடிமனான ஒரு வெள்ளிக் காசு உள்ளங்கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தெனாரியஸ். ரோமப் பேரரசின் அன்றாட வெள்ளிக் காசு. கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடி அது நம்ம ஊருக்கு வந்தது. "நம்ம ஊர்"னா தமிழ்நாடு மட்டுமில்லை. நாம தினமும் மின்சார ரயிலில் தாண்டிப் போகும் மாம்பலத்தில், முத்திரைக் காசுகள் நூற்றுக்கணக்கில் இருந்த ஒரு புதையலில், அகஸ்டஸ் பேரரசரின் தெனாரியஸ் ஒன்றும் சேர்ந்து கிடைத்தது.

கோவை, கரூர் பக்கம் இது இன்னும் அதிகம். 1842-ல் வெள்ளலூரில் கிடைத்த ஒரே புதையலில் ஐந்நூறுக்கு மேல் தெனாரியஸ்கள். உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பான்மை இரண்டே பேரரசர்களுடையவை: அகஸ்டஸ் (கி.மு. 27 – கி.பி. 14), டைபீரியஸ் (கி.பி. 14 – 37). இந்த இரண்டு பேரின் காசுகளை, அதிலும் இரண்டே வகைகளை, படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதியை உங்களால் அடையாளம் காண முடியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

படி 1: எழுத்தைப் படியுங்கள்

ரோமானியக் காசில் தலையைச் சுற்றி எழுத்து வட்டமாக ஓடும். பெரும்பாலும் கழுத்துக்குக் கீழ் அல்லது பின்புறம் தொடங்கும். இடைவெளி கிடையாது, சொற்கள் சுருக்கப்பட்டிருக்கும். நம்ம லேப் ரெக்கார்டில் நாம போடும் சுருக்கங்கள் மாதிரிதான். பழகினால் தானாகப் புரியும்.

ஒரு முக்கியமான விஷயம்: ரோமானியர்களுக்கு 'யு' என்று தனி எழுத்து கிடையாது. 'வி' வடிவத்தையே அதற்கும் போடுவார்கள். அதனால் அகஸ்டஸ் என்ற பெயரில் மூன்று இடத்தில் 'வி' நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

அகஸ்டஸின் காசில் தலைப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? "சீசர் அகஸ்டஸ் திவி எஃப் பேட்டர் பேட்ரியே." 'எஃப்' என்பது ஃபீலியஸ், அதாவது மகன். "சீசர் அகஸ்டஸ், தெய்வமாக்கப்பட்டவரின் மகன், நாட்டின் தந்தை" என்று பொருள். தெய்வமாக்கப்பட்டவர் ஜூலியஸ் சீசர். அகஸ்டஸ் அவர் தத்தெடுத்த மகன்.

கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். "நாட்டின் தந்தை" என்ற பட்டம் அகஸ்டஸுக்குக் கொடுக்கப்பட்டது கி.மு. 2-ல். ஆகவே இந்தக் காசு அதற்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. காசில் ஆண்டு எண் இல்லாவிட்டாலும் பட்டத்தை வைத்தே காலத்தைப் பிடிக்கலாம்.

டைபீரியஸின் காசில்: "டிஐ சீசர் திவி ஆக் எஃப் அகஸ்டஸ்." இங்கே தெய்வமாகிவிட்டவர் அகஸ்டஸ், அவருடைய மகன் என்று டைபீரியஸ் சொல்லிக்கொள்கிறார். இவரும் தத்துப்பிள்ளைதான். இரண்டு காசிலும் எழுத்தின் வேலை ஒன்றுதான்: "எனக்கு ஏன் இந்த நாற்காலி" என்பதற்குப் பதில் சொல்வது.

படி 2: பின்பக்கப் படத்தைப் பாருங்கள்

அகஸ்டஸ் வகையின் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நேராக நிற்பார்கள். நடுவில் இரண்டு கேடயங்கள், இரண்டு ஈட்டிகள். மேலே ஒரு கரண்டியும் ஒரு வளைந்த தடியும். இரண்டும் பூசாரிகளின் கருவிகள். கரண்டி வேள்வியில் ஊற்றுவதற்கு. வளைந்த தடி பறவைகளின் போக்கைப் பார்த்துச் சகுனம் சொல்பவருக்கு.

இளைஞர்கள் யார்? கயஸ், லூசியஸ். அகஸ்டஸுக்கு மகன் இல்லை. மகள் ஜூலியாவின் பிள்ளைகளான இந்த இருவரையும் தத்தெடுத்து, அடுத்த வாரிசுகள் என்று அறிவித்தார். அதைத்தான் லட்சக்கணக்கான மக்களின் கைக்கு எட்டும்படி வெள்ளியில் அச்சடித்தார். அந்தக் காலத்து ஃப்ளெக்ஸ் பேனர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நடந்தது வேறு. லூசியஸ் கி.பி. 2-ல் இறந்தார். கயஸ் கி.பி. 4-ல் இறந்தார். தாத்தா உயிரோடு இருக்கும்போதே பேரன்கள் இருவரும் போய்விட்டார்கள். காசுகள் மட்டும் நிற்கவில்லை. கை மாறி, கப்பல் ஏறி, கடல் தாண்டி, கொங்கு நாட்டுப் பானைகளுக்குள் வந்து சேர்ந்தன. வராத எதிர்காலத்துக்கான அறிவிப்பு அது.

டைபீரியஸ் வகை இதைவிட எளிமையானது. பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒரு கிளை. இரு பக்கமும் "பான்டிஃப் மாக்ஸிம்", அதாவது தலைமைப் பூசாரி என்ற எழுத்து. அந்தப் பெண்ணை அமைதித் தெய்வம் என்று சிலரும், டைபீரியஸின் தாய் லிவியா என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டுமாக ஒரே நேரத்தில் பார்க்கும்படிதான் அச்சு செதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு கருத்து.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற நண்பர்களுக்கு இந்தக் காசு ஏற்கெனவே தெரியும். "இதில் இருக்கும் உருவம் யாருடையது?" என்று இயேசு கேட்ட வரிக்காசு இதுவாக இருக்கலாம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த வகைக் காசு நம்ம கொங்கு நாட்டு மண்ணில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கிறது.

படி 3: அச்சடித்த விதத்தைக் கவனியுங்கள்

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது பிடிக்கும். தெனாரியஸ் வார்ப்பு அல்ல, அடிப்பு. கீழ் அச்சு அடைகல்லில் பதிந்திருக்கும். மேல் அச்சு கையில் பிடிக்கும் உளி மாதிரி இருக்கும். நடுவில் வெள்ளித் துண்டு. மேலிருந்து சுத்தியலால் ஒரு அடி. அவ்வளவுதான்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. ஒன்று, சுற்றிப் பிடிக்கும் வளையம் இல்லாததால் காசு முழு வட்டமாக வராது. இரண்டு, கை சற்று நகர்ந்தால் படம் ஓரத்துக்குப் போய்விடும், பாதி எழுத்து காசுக்கு வெளியே நின்றுவிடும். மூன்று, சுத்தியல் அடியை நேரடியாக வாங்கும் மேல் அச்சு சீக்கிரம் தேயும், உடையும். அதனால் முக்கியமான பேரரசரின் முகத்தை அடைகல்லில் இருக்கும் கீழ் அச்சில் வைத்தார்கள். பாதுகாப்பான இடம் ராஜாவுக்கு, அடி வாங்கும் இடம் மற்றவர்களுக்கு!

நம்ம நாட்டு முத்திரைக் காசுகள் வேறு முறை. வெள்ளித் தகட்டை வெட்டி, ஓரத்தைச் செதுக்கி எடையைச் சரிசெய்து, பிறகு சூரியன், மலை, விலங்கு போன்ற சிறுசிறு சின்னங்களை ஒவ்வொன்றாக அடிப்பார்கள். முகமும் இல்லை, பெயரும் இல்லை. எடை சுமார் 3.4 கிராம். மாம்பலத்துப் புதையலில் இந்த இரண்டு உலகமும் ஒன்றாகக் கிடந்தன. புதைத்தவருக்கு அகஸ்டஸ் யார் என்று தெரிந்திருக்க அவசியமில்லை. வெள்ளி வெள்ளிதான் என்று சேர்த்து வைத்திருப்பார். இது என் ஊகம். ஆனால் அடுத்த படியைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

படி 4: எடையும் தூய்மையும்

ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். செங்கடல் பக்கம் வரி வசூல் உரிமை வைத்திருந்த ஒருவரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் இருந்த தெனாரியஸ்களைப் பார்த்த மன்னர் ஆச்சரியப்பட்டாராம். காசுகளில் முகங்கள் வேறு வேறு, ஆகவே பல அரசர்கள் அடித்தவை. ஆனாலும் எடை எல்லாம் ஒன்று! அந்த ஒழுங்கைப் பார்த்து ரோமானியர்களின் நேர்மையை மெச்சினாராம்.

கதை நடந்ததோ இல்லையோ, விஷயம் சரி. இந்தப் பக்கத்தில் மதிப்பு முகத்துக்கு இல்லை, எடைக்குத்தான். அந்த நம்பிக்கையை உடைத்தது நீரோ. கி.பி. 64 வாக்கில் அவர் செய்த மாற்றத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ரோமானிய பவுண்டு சுமார் 325 கிராம்.

முன்பு: ஒரு பவுண்டுக்கு 84 காசு. 325 ÷ 84 = 3.87 கிராம்.
பின்பு: ஒரு பவுண்டுக்கு 96 காசு. 325 ÷ 96 = 3.39 கிராம்.

எடை எட்டில் ஒரு பங்கு போயிற்று. கூடவே செம்பும் அதிகமாகக் கலந்தார்கள். தமிழ்நாட்டு வெள்ளிப் புதையல்களில் இந்த மாற்றத்துக்குப் பிந்திய காசுகள் அரிது என்பது தற்செயல் அல்ல. மிளகு விற்றவர்களிடம் தராசு இருந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. டைபீரியஸ் காசு கிடைத்ததால் டைபீரியஸ் காலத்திலேயே அது இங்கே வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. நீரோவுக்குப் பிறகும் வணிகர்கள் பழைய நல்ல காசுகளைப் பொறுக்கியெடுத்துக் கொண்டுவந்திருக்கலாம். விதி இதுதான்: ஒரு பானையில் இருக்கும் கடைசிக் காசின் காலத்துக்கு முன்னால் அந்தப் பானை புதைக்கப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதைக் காசு சொல்லாது. அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளோடு ஒரே ஒரு கிளாடியஸ் காசு இருந்தாலும், அந்தப் பானை புதைந்தது கி.பி. 41-க்குப் பிறகுதான். அந்த ஒரு காசை யாராவது தனியாக எடுத்துக்கொண்டு போய்விட்டால்? மொத்தப் பானையின் காலமும் தப்பாகிவிடும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

படி 5: வெட்டும் போலியும்

இந்தியாவில் கிடைத்த பல ரோமானியக் காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கும். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவை இப்படி வெட்டுப்பட்டவை. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் கிடைத்த 1531 தெனாரியஸ்களிலும் வெட்டுகள் உண்டு. ஏன் வெட்டினார்கள்?

முதல் விளக்கம்: சோதனை. செம்புத் துண்டின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய போலிக் காசுகள் அன்றைக்கே இருந்தன. வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரிந்துவிடும். நம்ம பாஷையில் சொன்னால் டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங். இரண்டாவது விளக்கம்: செல்லாததாக்குவது. அயல்நாட்டு அரசனின் முகத்தை வெட்டி, "இது இங்கே காசு அல்ல, வெறும் உலோகம்" என்று காட்டுவது. வெள்ளிக்கு முதல் விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. பொன்னுக்கு அப்படி இல்லை; முகத்தையே குறிபார்த்து வெட்டியிருப்பதால் இரண்டாவது பக்கம் சாய வேண்டியிருக்கிறது.

வெட்டாமல் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். முதல் வருஷம் படித்த ஆர்க்கிமிடீஸ் போதும். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96 (ஒரு கன செ.மீ.க்கு கிராம்).

3.9 கிராம் சுத்த வெள்ளிக் காசின் பருமன்: 3.9 ÷ 10.49 = 0.372 க.செ.மீ.
அதே எடையில், 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் வெள்ளியும் உள்ள போலியின் அடர்த்தி சுமார் 9.09. பருமன்: 3.9 ÷ 9.09 = 0.429 க.செ.மீ.

வித்தியாசம் 0.057 க.செ.மீ. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால், போலி 0.057 கிராம் அதிகமாக எடை இழக்கும். நகைக்கடைத் தராசு 0.01 கிராம் வரை காட்டும், ஆகவே பிடித்துவிடலாம். எக்ஸ்ரே கருவி வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கைத்தான் படிக்கும். மண்ணில் கிடந்த காசில் மேற்பரப்புச் செம்பு கரைந்து போய், வெளியே வெள்ளி அதிகமாகத் தெரியும். வெள்ளித் தகடு போர்த்திய போலியும் அந்தக் கருவிக்கு நல்ல காசாகத்தான் தெரியும். விலை அதிகமான கருவி ஏமாறும் இடத்தில் தண்ணீர் கப் ஜெயிக்கிறது.

இந்தியாவிலேயே செய்த நகல்களும் உண்டு. முகம் சற்று மாறியிருக்கும், எழுத்து வெறும் கோடுகளாக உடைந்திருக்கும். செதுக்கியவருக்கு லத்தீன் தெரியாது, வடிவத்தை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறார். படி 1 தெரிந்த உங்களால் இதை உடனே பிடிக்க முடியும்.

இன்னொரு பக்கம், பார்த்ததைத் தன்னுடையதாக்கியவர்களும் இருந்தார்கள். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசில் ஒரு தலை உருவம், அதன்மேல் தமிழ்-பிராமியில் "மாக்கோதை" என்ற பெயர். முகமும் பெயருமாகக் காசு அடிக்கும் யோசனை ரோமானியக் காசுகளிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் பெயர் நம்முடையது, எழுத்து நம்முடையது.

இப்போ உங்க வேலை

ஒரு சொந்தக் கதை. பள்ளியில் படிக்கும்போது பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய செப்புக் காசு கிடைத்தது. பச்சை பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், பிறகு பல்பொடி. பளபளவென்று வந்தது. கூடவே எழுத்தும் போயே போச்சு. அது எந்த அரசின் காசு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

நம்மில் சிவில் படிக்கிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் ஏதோ ஒரு சைட்டில் ஜேசிபி பக்கத்தில் நிற்பார்கள். ஊரப்பாக்கம், வண்டலூர், மேடவாக்கம் என்று நம்மைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு பானை உடைந்து காசு சிதறினால் முடிவெடுக்க ஐந்து நிமிஷம்தான் இருக்கும். அதற்காக நான்கு விஷயம்:

1. தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கிடைத்த இடம், ஆழம், பானை ஓடு எல்லாவற்றையும் அளவுகோலோடு படம் எடுங்கள்.
2. தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். காசின் மேல் இருக்கும் அழுக்கும் சாட்சிதான்.
3. பிரிக்காதீர்கள். "ஆளுக்கு ஒண்ணு" என்று எடுத்தால் என்ன ஆகும் என்று படி 4-ல் பார்த்தோம்.
4. மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. சொன்னால் எல்லாம் போய்விடும் என்பதும் தப்பு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

அதுவரைக்கும் பழகிக்கொள்ள ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். தாம்பரத்தில் பீச் வண்டி ஏறுங்கள். பல்லாவரம் வரும்போது, 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கேதான் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார் என்று பக்கத்து சீட் நண்பனுக்குச் சொல்லுங்கள். மாம்பலம் வரும்போது அந்த ஒற்றை அகஸ்டஸ் காசைப் பற்றிச் சொல்லுங்கள். எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு நடந்து போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோமானியக் காசு இருந்தால், பக்கத்தில் இருக்கும் அட்டையை முதலில் படிக்க வேண்டாம். எழுத்து எங்கே தொடங்குகிறது? 'வி' எங்கே நிற்கிறது? பின்பக்கம் தெரிந்தால் அதில் இரண்டு பேரா, ஒரு பெண்ணா? முகத்தில் வெட்டு உண்டா? நீங்களே படித்து முடித்துவிட்டு, பிறகு அட்டையோடு ஒப்பிடுங்கள். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்கள். நான் முதல் தடவை போனபோது மூன்றுக்கு ஒன்றுதான் சரி.